மேப்பிள் மரத்துக்கு ஒரு வாளி தண்ணீர்

"இஞ்சேருங்கோ, மாமா இண்டைக்கும் வாளியோட இறங்கிட்டார்!"

சுசீலாதேவி யன்னலடியில் நின்று கூப்பிட்டாள். வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த குலேந்திரன் ஒற்றைக் காலில் நொண்டியபடி ஓடி வந்தான்.

கீழே மாடிக் குடியிருப்பின் முற்றத்தில் அவனுடைய தகப்பன் சண்முகலிங்கம் மாஸ்ரர், மகனின் பழைய ஓவர்கோட்டுக்குள் பாதி மறைந்து, வாளி ததும்பத் ததும்ப நடந்துகொண்டிருந்தார். மேப்பிள் மரத்தடியில் நின்றார். வேர் பார்த்து நிதானமாக ஊற்றினார். பிறகு வாங்கில் கிடந்த இலைகளைக் கையால் தள்ளிவிட்டு உட்கார்ந்து, மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் அது எண்பத்தாறாம் ஆண்டு ஒக்ரோபர். மரத்தின் உச்சி சிவப்பு, நடுவில் தங்க மஞ்சள், அடியில் மட்டும் கொஞ்சம் பச்சை. காற்று வந்தால் இருபது முப்பது இலை ஒன்றாகக் கொட்டும்.

"மரம் சாகப்போகுது எண்டு நினைக்கிறார் போல. பாவம், வந்து ரெண்டு மாசம்தானே," என்றாள் சுசீலா.

"உமக்கு விளங்கேல்லையே? ஐயா முப்பத்தொரு வருசம் பூகோளம் படிப்பிச்சவர். இலையுதிர் காலத்தை எனக்கே கரும்பலகையில கீறிக் காட்டினது அவர்தான். பிழையா எழுதினதுக்குத் தலையில குட்டும் வாங்கினனான்."

சுசீலா மறுபடி கீழே எட்டிப் பார்த்தாள். இலையுதிர் காலம் தெரியாத மனிதர் தண்ணீர் ஊற்றினால் சிரிக்கலாம். தெரிந்தவர் மறந்துபோய் ஊற்றினால்?

மறதி என்றும் சொல்ல முடியவில்லை. மாஸ்ரர் தன் பிரஷர் குளிசையை நேரம் தவறாமல் எடுக்கிறார். பேத்திக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறார். மரம் என்று வந்தால் மட்டும் புத்தி பிசகிவிடுகிறது.

அயலவர்களும் சொல்லாமல் இல்லை. கீழ் வீட்டு இங்கர் அம்மா, அவர் ஊற்றத் தொடங்கிய முதல் வாரமே ஏப்ரனோடு ஓடி வந்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, மரம் நித்திரை கொள்ளப்போகிறது என்று நடித்தே காட்டினார். மாஸ்ரர் "தக், தக்" என்று தனக்குத் தெரிந்த டெனிஷ் நன்றியைச் சொல்லிவிட்டு, அடுத்த நாளும் ஊற்றினார். இரண்டாம் மாடி கார்ல், ஓய்வுபெற்ற தபால்காரர், அதே மரம் வசந்தத்தில் நிற்கிற படத்தைக் கொண்டுவந்து காட்டினார். எதிர்வீட்டுத் தாதி தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து விளக்கினாள். மற்ற மூன்று வீட்டுக்காரரும் தங்கள் பங்குக்குச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு மறுநாள் பத்து மணிக்கு வாளியோடு இறங்கிவிடுவார்.

"மாடிப்படியில போக ஏலாமக் கிடக்கு. ஆரைக் கண்டாலும் மறிச்சு ஐயாவைப் பற்றித்தான் கேக்கினம். மானம் கப்பலேறுது," என்றான் குலேந்திரன்.

"இங்கர் அம்மா அவருக்கெண்டு அப்பிள் கேக் கொண்டுவந்து தந்தவ. வாசலோட அனுப்ப மனமில்லாம உள்ள கூப்பிட்டுத் தேத்தண்ணி குடுத்தனான்."

"அது கிடக்கட்டும். இன்னும் மூண்டு கிழமையில விசா முடியுது. மொஸ்கோவில பிளேன் மாறவேணும். இந்த நிலையில மனுசனை எப்பிடித் தனிய அனுப்புறது?"

சுசீலா ஏழு மாத வயிற்றில் கையை வைத்தபடி நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. "வெள்ளிக்கிழமை டொக்டரிட்டக் காட்டுவம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை குலேந்திரன் லீவு போட்டான். மாமாவைக் கூட்டி வருகிறேன் என்று இறங்கிப்போன சுசீலா அரை மணித்தியாலமாகியும் வராததால், அவனே கீழே போனான்.

வாங்கில் மாஸ்ரருக்கு ஒரு பக்கம் கார்ல், மறு பக்கம் இங்கர் அம்மா. இங்கர் அம்மா பின்னிக்கொண்டிருந்த குட்டிச் சட்டையின் கையை அளந்து பார்த்து, சுசீலா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. மகள் தாதியின் பிள்ளைகளோடு இலைக் குவியலில் உருண்டுகொண்டிருந்தாள்.

"வா மோனை. இந்த வடிவைப் பார். புத்தகத்தில மட்டும் பாத்துப் படிப்பிச்சதைப் பென்சன் எடுத்த பிறகு, பேத்தியோட இருந்து கண்ணால பாக்கிறன். குடுத்து வைச்சவன் நான்," என்றார் மாஸ்ரர்.

"எழும்புங்கோ ஐயா. டொக்டரிட்டப் போகவேணும்."

"ஆருக்கு வருத்தம்?"

"உங்களுக்குத்தான்." குலேந்திரன் குனிந்து வெறும் வாளியை எடுத்தான். "மரம் இலை கொட்டும் எண்டதையே மறந்து போனியள் ஐயா."

மாஸ்ரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அடுத்த மாசத்துக்குள்ள முழுக்கக் கொட்டிப்போடும். மே மாசம் துளிர்க்கும். காரணமும் சொல்லவோ, இல்லாட்டிக் கரும்பலகை வேணுமோ?"

"அப்ப என்னத்துக்குத் தண்ணி ஊத்துறியள்?"

பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தமிழ் விளங்காது என்று தெரிந்தும், மாஸ்ரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் இஞ்ச வந்த கிழமை எல்லாருக்கும் வணக்கம் சொல்லிப் பாத்தன். தலையை ஆட்டிப்போட்டுப் போச்சினம். நல்ல சனம், ஆனா கூச்சம். வலிய வந்து கதைக்காயினம். ஆனா ஒருத்தன் பிழை விடுறதைக் கண்டா, திருத்தாம இருக்க அவையளால ஏலாது."

அவர் சுசீலாவைப் பார்த்தார்.

"தை மாசம் பிள்ளை பிறக்கேக்க நான் இஞ்ச நிக்கமாட்டன். நீ வேலையில நிக்கேக்க இவளுக்கு வயித்துக்குத்துத் தொடங்கினா, ஓடிப்போய்த் தட்டுறதுக்கு ஒரு கதவாவது வேணும் எண்டு நினைச்சன் மோனை. இப்ப ஆறு கதவு இருக்கு."