மூன்றாம் நாள், மதியம் ஒன்றரை

“டென்ட் எத்தனை பேருக்கு?”

“ஒருத்தருக்கு,” என்றான் அவன். பேருந்து நேரத்தை வாசித்துக் காட்டுபவனின் குரல்.

மலைப்பாதை அலுவலகத்தின் அதிகாரி எழுதிக்கொண்டார். மேசை முழுக்க வரைபடம் விரித்திருந்தது. அது சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் ஸ்டேப்ளர், டார்ச், கோந்து பாட்டில், ஆறிப்போன ஒரு டீ. டீ அவனுடையது.

அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் ‘யூ-டர்ன்’. வெயில் காலம் நெருங்கிவிட்டதே, பனி போயிருக்கும் என்று மூட்டை முடிச்சோடு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேரைப் பேசியே வீட்டுக்குத் திருப்பிவிடுவார். மேலே பனி போகவில்லை, இளகிக்கொண்டிருக்கிறது, அதுதான் இன்னும் மோசம் என்பது அவர் கட்சி. வாசல் பலகையிலும் முந்தாநாளிலிருந்து ‘பாதை மூடப்பட்டுள்ளது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அதைப் படித்துவிட்டுத்தான் அவன் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தான். நூலகத்தில் வேலை. இதுவரை ஏறிய அதிகபட்ச உயரம், மேல்தட்டுப் புத்தகம் எடுக்கப் போடும் ஆறு படி ஏணி. காலில் ரப்பர் செருப்பு.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் அவன் அம்மா. காலையிலிருந்து அதிகாரியிடம் அவள் பேசியது ஒரே வாக்கியம்: “என் புள்ள உயிரோட வீடு வந்து சேரணும்ங்க, வேற ஒண்ணும் வேணாம்.”

“ஷூவுக்கு அடியில மாட்டுற இரும்பு முள்ளு?”

“எடுத்துப்பேன்.”

“பனிக்கோடாரி?”

“வெயிட்டு. வீட்லயே வச்சிடுவேன்.”

“கேஸ் சிலிண்டர் ரெண்டு வேணுமே?”

“ஒண்ணுதான். ஆனா எண்ணூறு பக்கத்துல ஒரு புக்கு எடுத்துப்பேன். வெயிட்டக் குறைக்கணும்னு டூத் பிரஷ் கைப்பிடிய மட்டும் பாதியா வெட்டிடுவேன்.”

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள். யூ-டர்ன் ‘சிலிண்டர் 1, கோடாரி இல்லை’ என்று குறித்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, பிரஷ்ஷையும் எழுதினார்.

“போன்?”

“போட்டோ எடுத்துத் தள்ளி மொத நாளே சார்ஜத் தீத்துடுவேன். அம்மாவுக்கு ஒண்ணு கூட அனுப்ப மாட்டேன்.”

“மொத நாள் ராத்திரி?”

“மரக் குடிசையில. கூட யாராச்சும் தங்கியிருந்தா விடியற வரைக்கும் அரட்டை.”

“ரெண்டாம் நாள் கணவாய் ஏறணும். எத்தன மணிக்குக் கிளம்புவீங்க?”

“நாலு மணின்னு பேப்பர்ல எழுதி வச்சிருப்பேன். எட்டரைக்குக் கிளம்புவேன்.”

விடியலில் கல்லாகக் கிடக்கிற பனி, வெயில் ஏறினால் ஈர மணல் ஆகிவிடும். வைத்த கால் தொடை வரை இறங்கும். எட்டரைக்குக் கிளம்புகிறவனிடம் இதைச் சொல்வதற்குத்தான் யூ-டர்ன் சம்பளமே வாங்குகிறார். சொல்லவில்லை. ‘8.30’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

பிறகு பென்சில் முனையை வரைபடத்தில் நகர்த்தி ஒரு நீலக் கோட்டின் மேல் நிறுத்தினார்.

“மூணாம் நாள். இது ரெண்டாவது ஓடை. நீங்க எழுந்திரிக்கற லட்சணத்துக்கு இங்க வர மதியம் ஒன்றரை ஆயிடும். ஓடைய பனி மூடியிருக்கும், நடந்துடலாம்னு தோணும். அடியில தண்ணி அரிச்சிக்கிட்டு இருக்கும். மேல ஒரு பாலம் இருக்கு, சுத்திப் போக ரெண்டு மணி நேரம். என்ன பண்ணுவீங்க?”

“சுத்திப் போவேன்.”

அதிகாரி முதல்முறையாகப் பென்சிலைக் கீழே வைத்தார். அத்தனை கிறுக்குத்தனத்துக்கும் வராத கோபம் இந்த ஒரே நல்ல பதிலுக்கு வந்துவிட்டது.

“நல்ல புள்ள பதிலெல்லாம் எனக்கு வேணாம்ங்க. நெசத்தச் சொல்லுங்க.”

அவன் வரைபடத்தைப் பார்த்தான். ஓடை மயிரிழை கனம்தான் இருந்தது. ஹீட்டர் ஓடுகிற அறையில் அவன் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவற்றை யாருடையவோ மாதிரி மேசை மேல் வைத்திருந்தான்.

“ஸ்கூல் விட்டு வரப்போ எங்க வீட்டு கேட்டு தொறந்துதான் கெடக்கும்,” என்றான். “நான் சுவரேறித்தான் குதிப்பேன். ரெண்டு தடவ கை ஒடஞ்சிருக்கு. ஏன்டான்னு அம்மா கேட்டா, கேட்டு தூரம்னு சொல்லுவேன்.”

“எவ்வளவு தூரம்?”

“அஞ்சடி.”

அதிகாரி பென்சிலை மறுபடி எடுத்தார்.

“அப்ப, ஓடை?”

“நேரா நடப்பேன்,” என்றான். “நின்னு யோசிக்கக்கூட மாட்டேன்.”

அதிகாரி அந்த நீலக் கோட்டின் மேல் ஒரு வட்டம் போட்டார். நாற்காலியைத் திருப்பி வயர்லெஸ்ஸை எடுத்தார்.

“ஏரிக்கரையில தேடிட்டிருக்கறவங்க எல்லாரும் ரெண்டாவது ஓடைக்குப் போங்க. பாலத்துக்குக் கீழ. கயிறும் ஸ்ட்ரெச்சரும் முன்னாடி போகட்டும்.”

மறுமுனையில் யாரோ கரகரவென்று சரி சொன்னார்கள். அவன் இன்னும் நாற்காலி நுனியிலேயே, அடுத்த கேள்விக்காக உட்கார்ந்திருந்தான்.

“சார், நாலாம் நாள் இருக்கு. சொல்லவா?”

அதிகாரி வரைபடத்தை மெதுவாக மடித்தார்.

“அண்ணனா யோசிச்சது போதும்ங்க,” என்றார். “இனிமே நீங்க தம்பியா இருக்கலாம்.”