நடுவில் ஒரு மருமகள்

"இந்த ஆளோட கூட்டணி வைக்கிறதுக்குப் பதிலா ஒரு கழுதையோட வைக்கலாம்னு சொல்லும்மா," என்றார் மாமனார்.

மருமகள் மேசைக்கு எதிர்ப்புறம் பார்த்தாள். கரைக் கட்சித் தலைவர் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தார்.

மாமனார் மலைக் கட்சித் தலைவர். இவருக்கு மலை மொழி, அவருக்குக் கரை மொழி. பேச்சுவார்த்தையில் அடுத்தவர் மொழியில் வாயைத் திறந்தால் தொண்டர்கள் தலைவரையே மாற்றிவிடுவார்கள். தங்கள் மொழி தவிர வேறெதுவும் புரியாத அந்தத் தொண்டர்கள், இரு தரப்பிலும், ஜன்னலுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

கரையில் பிறந்து மலையில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால், மாற்றிச் சொல்லும் வேலை இவள் தலையில் விழுந்தது. இன்றைக்குக் கூட்டு சேராவிட்டால் ஆளுங்கட்சிக்குக் கொண்டாட்டம். பேச்சு முறிந்தால் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் இவளைத்தான் பிடித்துக்கொள்ளும்.

"உங்களை மாதிரி பொறுமைசாலியோட சேர எங்களுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்னு மாமா சொல்றாங்க, ஐயா," என்றாள் கரை மொழியில்.

அவர் தலையாட்டினார். "பாலம் கட்டுற இலாகா எங்களுக்கு வேணும். உங்க மாமனார்கிட்ட குடுத்தா, பாதிப் பாலம் அவர் வீட்டு மாடியாத்தான் எழும்பும்."

மருமகள் மாமனார் பக்கம் திரும்பினாள். "பாலம் இலாகா கேக்கறாங்க, மாமா. கட்டட வேலைன்னாலே உங்க கைராசியே தனியாம்."

"எடுத்துக்கட்டும். துறைமுகம் நமக்கு. அவன்கிட்ட விட்டா கடல் தண்ணியையும் அளந்து வித்துடுவான். அதையும் சேர்த்துச் சொல்லு."

"பாலம் உங்களுக்கு, துறைமுகம் எங்களுக்கு. வியாபாரத்துல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லையாம், ஐயா."

இப்படியே போனது. இருவரும் மேசையைக் குத்தினார்கள். ஆளுக்கொரு முறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்கள். ஒவ்வொரு கர்ஜனைக்கும் வெளியே அவரவர் ஆட்கள் கைதட்டினார்கள். இவளோ முள்ளை எடுத்துவிட்டு மீனை மட்டும் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகக் கையெழுத்து ஆனது. தொண்டர்கள் கோஷம் போட்டபடி தெருமுனையைத் தாண்டினார்கள். அப்பாடா என்று டீ எடுத்துவர உள்ளே போனாள்.

தட்டோடு திரும்பியவள் கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். கரைத் தலைவர் மாமனாரின் தோளில் கையைப் போட்டு, பிசிறில்லாத மலை மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அடுத்த தடவையும் உன் மருமகளையே உட்கார வைடா. போன தேர்தல்ல வந்தானே ஒரு புண்ணியவான், நாம திட்டினதை அப்படியே மாத்திச் சொல்லித் தொலைச்சான். ஜன்னல்ல நின்னவனுக்கெல்லாம் புரிஞ்சுபோய், நாம ரெண்டு பேரும் ரோஷப்பட்டு, பேச்சை முறிச்சுட்டு எழுந்திரிக்க வேண்டியதாப் போச்சு."