ஒரு வரி விடாமல்

"இன்னும் எவ்வளவு நேரம்? பட்டன் வைக்கிறியா, பாலம் கட்டுறியா?"

நாத்தனாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அண்ணிக்காரி பொரிந்து தள்ளினாள்.

நாத்தனார் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் வெப்சைட் அது. உருவாக்கிக் கொடுத்தவள் அவள்தான். வேன் வரும் நேரம், நிற்கும் இடம், அவ்வளவுதான் அதில் இருக்கும். இன்று முதன்முறையாக ஒரு கட்டுரை ஏறப்போகிறது. எழுதியது அண்ணி.

தலைப்பு: ‘நம் பிள்ளைகள் யார் கையில்? ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும்!’

கீழே வேன்காரரின் போட்டோ. அதற்கும் கீழே, ஒன்றாம் வகுப்புப் பெண்ணை அவர் கன்னத்தில் அறைந்த கதை.

அறை வாங்கியது வாலு, அண்ணியின் ஒரே மகள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போதே கன்னத்தில் சிவப்பாக ஒரு கீறல். "வேன்காரர் அடிச்சாரா?" என்று அம்மா போட்ட அதட்டலில் பிள்ளை மிரண்டு போய்த் தலையை ஆட்டியது. போதாதா?

"அண்ணி, அவருக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டு…"

"அடிச்சவன்கிட்டயே போய், ‘ஐயா, அடிச்சீங்களா’ன்னு கேட்கணுமா? நல்லா இருக்கு நியாயம்!"

"இது பரவினா நாளைக்கு ஒருத்தரும் அவர் வண்டில பிள்ளையை ஏத்த மாட்டாங்க. அவருக்கு அந்த ஒரு வண்டிதான் பிழைப்பு."

"ஏத்தக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கேன்!"

"காலைல போடலாமே. ஒரு ராத்திரி ஆறட்டும்."

"உனக்கென்ன? பெத்திருந்தா தெரியும்."

நாத்தனாரின் விரல்கள் அப்படியே நின்றன. பிறகு படபடவென்று ஏதோ அடித்தாள். கட்டுரைக்குக் கீழே கலர் கலராக நாலு பட்டன்கள் முளைத்தன.

"ஆச்சு. அழுத்துங்க. தலைப்பும் லிங்க்கும் போகும்."

"அவன் மூஞ்சி?"

"அதெல்லாம் லிங்க்கைத் திறந்து பார்க்கிறவங்களுக்கு."

அண்ணி ஒரு பட்டனை விடவில்லை. வாட்ஸ்அப், பேஸ்புக் என்று வரிசையாக அழுத்தித் தீர்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அலற ஆரம்பித்தது.

"கேளு, மேல் வீட்டு டாக்டரம்மா போட்டிருக்காங்க. ‘படிக்கப் படிக்க நெஞ்சு பதறுது.’ பாட்டு டீச்சர், ‘இந்த மாதிரி ஆளை எல்லாம் சும்மா விடக் கூடாது.’ பேங்க் மேனேஜர் அவர் ஆபீஸ் முழுக்க அனுப்பிட்டாராம். ஊருக்கே மனசு பதறுது, உனக்குத்தான் கல்லு!"

நாத்தனார் லேப்டாப்பை மூடி வைத்தாள். அமுக்குணி!

ஜெயித்த கையோடு அண்ணி அடுக்களைக்குப் போனாள். வாலுவின் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை உருவினாள். டப்பா காலி. மூடியைக் காணோம்.

"ஏய் வாலு! மூடி எங்கடி?"

வாலு கதவுக்குப் பின்னால் நழுவினாள்.

"ஸ்கூல்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

"ரோட்டுல விழுந்துடுச்சு."

"வேன்ல வர்றவளுக்கு ரோட்டுல என்னடி வேலை?"

குழந்தையின் உதடு பிதுங்கியது. "சாப்பாட்டைச் சாப்பிடலைம்மா. ஜன்னல் வழியாக் கொட்டினேன். மூடி விழுந்துடுச்சா, பிடிக்கலாம்னு எட்டினேன். லாரி வந்துச்சு. வேன் மாமா பிரேக் போட்டு என் சட்டையைப் பிடிச்சு உள்ளே இழுத்தார். அவர் வாட்ச் கன்னத்துல கீறிடுச்சு."

அண்ணி அவள் தோளைப் பிடித்தாள். "அப்புறம் எதுக்குடி அடிச்சார்னு தலையை ஆட்டினே?"

"நீதானே அடிச்சாரான்னு கேட்டே. சாப்பாட்டைக் கொட்டினேன்னு சொன்னா நீ அடிப்பியே."

டப்பா கைநழுவிக் கீழே விழுந்தது. அண்ணி கூடத்துக்கு ஓடினாள்.

"எடுத்துடு! அந்தக் கட்டுரையை இப்பவே எடுத்துடு!"

"எதை அண்ணி எடுக்கிறது? பட்டனை அழுத்தினதும் எத்தனையோ பேர் போனுக்குப் போயாச்சு."

"ஐயோ, என் பிள்ளை உயிரைக் காப்பாத்தின மனுஷன் பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே! நாளைக்கு அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

நாத்தனார் அவளையே பார்த்தாள். "நீங்க அனுப்பின லிங்க்கைத் திறங்க."

"எழுதினதே நான்தானேடி! இன்னும் என்னத்தைப் பார்க்கிறது?"

"திறங்க அண்ணி."

அண்ணி திறந்தாள். போட்டோ இல்லை. கட்டுரையும் இல்லை. ‘வேன் நிற்கும் இடங்கள்: மருந்துக்கடை, தண்ணீர்த் தொட்டி, பூங்கா வாசல்.’

"உங்க கட்டுரை இந்த லேப்டாப்பை விட்டு வெளியே போகவே இல்லை. பட்டனுக்குள்ளே இந்தப் பக்கத்தோட முகவரியைக் கொடுத்தேன். நீங்க எழுதினது நிஜம்னு தெரிஞ்சா காலைல மாத்திக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ளே யாராவது திறந்து பார்த்துட்டு, ‘இதுல ஒண்ணுமே இல்லையே’ன்னு கேட்பாங்க, மாட்டிக்குவேன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன்."

அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "பெத்திருந்தா தெரியும்னு உன்னைப் போய்…" என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கையிலிருந்த போன் மறுபடி அலறியது. பெற்றோர் சங்கத் தலைவர்.

‘ஒரு வரி விடாமல் படித்தேன். ரத்தம் கொதிக்கிறது. இன்னும் நூறு பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.’