அறுபத்தைந்து புள்ளி ஒன்று

டாக்டரம்மா வியாதிப் பட்டியலில் விரலால் தேடினார்.

இடப்பக்கம் பழைய எண்கள். வலப்பக்கம் அவற்றுக்கான புது எண்கள். எதிரே உட்கார்ந்திருந்தவருடைய எண் அறுபத்தைந்து புள்ளி ஒன்று. அதற்கு நேர் எதிரே ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான்.

"உங்க வியாதியைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க ஐயா."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருபத்தெட்டு வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இதே நாற்காலி. எதிரே டாக்டர்கள்தான் ஏழு பேர் மாறினார்கள்.

"அப்ப நான் குணமாயிட்டேனா?"

"நீங்க அப்படியேதான் இருக்கீங்க. வியாதிதான் குணமாயிடுச்சு."

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. பொறுமையாகச் சொன்னார். வெளிநாட்டில் பெரிய மனநல டாக்டர்கள் எல்லாம் கூடி, இதைப் பற்றிப் பல வருடம் வாதாடினார்களாம். வழக்கத்தில் இல்லாத ஆசை எல்லாமே வியாதிதானா? சம்மதம் இல்லாத யார் மீதாவது அது கை வைக்கிறதா? ஆசைப்பட்டவரையே அது வதைக்கிறதா? ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் வதையில் சேராதாம். கடைசி இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்றால், எண்ணும் இல்லை.

அவருக்கு அந்தக் கூட்டம் கண்ணில் தெரிந்தது.

நீள மேசை. கோட்டுப் போட்ட இருபது பேர். நடுவே, அவர் மனைவியின் அரக்குச் சுங்குடிச் சேலை. ஒருவர் எழுந்து ஆட்சேபிக்கிறார். இன்னொருவர் தொட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சி போட்டதா என்று விசாரிக்கிறார்.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டால் அவர் உடம்பில் ஒன்று நடக்கும். கொஞ்சம் கிளர்ச்சி, கொஞ்சம் அமைதி. எது எவ்வளவு என்று அவரால் ஒருநாளும் பிரிக்க முடிந்ததில்லை.

கல்யாணமான ஆறாம் வருடம், கடைக்குக் கிளம்பிய அவள் குடையை எடுக்கத் திரும்பி வந்தாள். அவர் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார்.

மறுநாள் இந்த ஆஸ்பத்திரி. அப்போதிருந்த பெரிய டாக்டர் எண்ணை எழுதினார். அவளைப் பார்த்து, "பீரோவைப் பூட்டி வைங்கம்மா. நீங்க இடம் குடுக்காதீங்க" என்றார்.

அன்று சாவி அவள் இடுப்பில் ஏறியது.

அதற்குப் பிறகு சேலை என்றால், அவள் வெளியே கிளம்பும்போது கீழே உட்கார்ந்து கொசுவம் நீவி விடுவது மட்டும்தான். அதை அவர் நிதானமாகச் செய்வார். அதனால் பல பஸ்கள் தவறிப் போயிருக்கின்றன.

டாக்டரம்மா அவருடைய கேஸ் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஓர் இடத்தில் நின்றார்.

"ஆகஸ்ட் 2011. இஸ்திரிக்காரரோட சண்டைன்னு போட்டு, அரை மாத்திரை கூட்டியிருக்காங்களே?"

"என் நீல அரைக்கைச் சட்டை ஒரு வாரம் காணோம். அவன்தான் போட்டுக்கிட்டு சுத்தறான்னு நினைச்சேன்."

"அடுத்தவங்க துணியையா?"

"அதானே. கோபம் வருமா வராதா?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தும் விதத்தை எழுதிக் கொடுத்தார்.

எண் போய்விட்டது.

சாவி?

வெளியே பெஞ்சில் அவள் இருந்தாள். மடியில் குடை. என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். பஸ் ஏறி மூன்று ஸ்டாப் கழித்துத்தான் அவர் சொன்னார்.

"என் நம்பரை எடுத்துட்டாங்களாம்."

"யாரு?"

"வெளிநாட்டுல. கூட்டம் போட்டு. வருஷக்கணக்கா பேசினாங்களாம்."

"ஒரு சேலைக்கா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

என்ன சொல்லியிருப்பாள் என்று அவர் கேட்கவில்லை. அசிங்கம் என்பாளோ. மிச்சமிருந்த எட்டு ஸ்டாப்பும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பீரோவைத் திறந்தாள். அடித்தட்டில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கி, அதற்குக் கீழே இருந்த இரண்டு துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

ஒன்று, அந்த அரக்குச் சுங்குடி.

இன்னொன்று, அதே நிறத்தில் ஒரு ரவிக்கை. ஒருநாளும் போடாதது. மடிப்பில் தையற்காரரின் துண்டுச் சீட்டு. குண்டூசி துருப்பிடித்துத் துணியோடு ஒட்டியிருந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

மார்பு நாற்பத்து இரண்டு.

அவள் முப்பத்து நான்கைத் தாண்டியதே இல்லை.

மூலையில் தேதி. ஆகஸ்ட் 2011. அதற்குக் கீழே, தையற்காரர் தன் ஞாபகத்துக்காகக் கிறுக்கியது: அளவுக்கு வந்தது - சட்டை, நீலம், அரைக்கை.

"தைச்சு வாங்கிட்டேன். அப்புறம் அந்த டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. குடுத்தா உங்களுக்கு ஜாஸ்தியாயிடுமோன்னு வெச்சுட்டேன்."

அவர் சீட்டை இன்னொரு முறை படித்தார். நாளைக் காலை முதல் வேலையாக இஸ்திரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். என்ன காரணம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

சற்று நேரத்தில் அவள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"நேரா நில்லுங்க. கொசுவம் கோணுது."

அவர் நேராக நின்றார்.

அவள் ஒவ்வொரு மடிப்பாக நீவினாள். முதலிலிருந்து மறுபடியும் நீவினாள்.

பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை.