ஆளுக்கொரு கட்டைவிரல்

"குதி, குதி, குதின்னேன்ல!"

"எங்க குதிக்கிறது? பள்ளமே கண்ணுக்குத் தெரியல!"

"அப்போ கேமராவைத் திருப்பு!"

"குதிக்கிறதும் என் விரல், திருப்புறதும் என் விரல். எனக்கென்ன நாலு கையா இருக்கு?"

சோபாவில் கணவனும் மனைவியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, கையடக்க வீடியோ கேமை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். அவனுக்கு வலது மணிக்கட்டில் சுளுக்கு, கட்டுப் போட்டிருந்தான். திரையிலிருந்த நரிக்குட்டியை இடது கையால் ஓட்டுவது அவன் வேலை, அதைக் குதிக்க வைப்பதும், ஆட்டத்தின் காட்சியைக் காட்டும் கேமராவைத் திருப்புவதும் அவள் பொறுப்பு.

நரிக்குட்டி மறுபடியும் பள்ளத்தில் விழுந்தது.

"கேமராவா இது? நாம திரும்பினா அதுவும் தானா திரும்ப வேண்டாமா? இந்த கேமைச் செஞ்சவன் மட்டும் கையில கிடைச்சான்னா..." என்று அவன் பல்லைக் கடித்தான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஓடுங்க, ஓடுங்க!"

அவன் ஓட்ட, அவள் திருப்பிக் குதிக்க வைக்க, நரிக்குட்டி அக்கரையில் போய் நின்றது.

"ஹே!" துள்ளி எழுந்து இரண்டு கையையும் ஓங்கித் தட்டினான். பிறகுதான் கட்டு ஞாபகம் வந்தது.

"வலிக்கலையா?" என்றாள்.

"அது... போன வாரமே சரியாயிடுச்சு." அசடு வழிந்தான். "சொன்னா நீ எழுந்து போயிடுவியேன்னு..."

அவள் கேமின் செட்டிங்ஸைத் திறந்து காட்டினாள். 'கேமரா தானாகத் திரும்ப வேண்டுமா?' என்பதற்கு எதிரே 'வேண்டாம்' என்றிருந்தது.

"முதல் நாளே நான்தான் மாத்தி வச்சேன். தானா திரும்பினா, ஆட்டம் ரெண்டே நாள்ல முடிஞ்சிடுமே!"

கை தட்டியதில் அவிழ்ந்து தொங்கிய கட்டை அவளே மறுபடி சுற்றிவிட்டாள்.

"ம், உட்காருங்க. அடுத்த பள்ளம் இன்னும் பெருசாம்."