ஓடுபாதைத் தேர்

விமான நிலையத்துப் புல்வெளியில், ஓடுபாதைக்குப் போகும் வழியோரமாக ஓர் ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. விமானங்கள் அங்கேதான் இன்ஜினை உறுமவிட்டபடி வரிசையில் நிற்கும். போன தடவை பொரித்த குஞ்சுகள் அந்தப் புகையில் மூச்சுமுட்டிச் செத்துப்போயின.

அன்று புதுச் சட்டம் வந்தது. ஓடுபாதை வரைக்கும் யாரும் இன்ஜினைப் போடக் கூடாது. பேட்டரி வண்டிதான் இழுத்துப் போகும்.

பெரிய விமானம் முறுக்கிக்கொண்டது. "கடல் தாண்டுறவன் நான். இந்தச் சுண்டைக்காய் வண்டி என்னைக் கட்டி இழுக்கிறதா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"சட்டம்ண்ணே, நான் என்ன செய்ய?" என்று கெஞ்சியது வண்டி.

விமானம் இன்ஜினைப் போடத் தொண்டையைச் செருமியது. முட்டைக்குள் குஞ்சுகள் தட்டத் தொடங்கியிருந்தன. குருவி முட்டைகளிடம், விமானத்துக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னது: "சீக்கிரம் வெளியே வாங்கடா கண்ணுங்களா, தேர் வருது."

விமானம் செருமலை நிறுத்தியது. "தேரா? எங்கே?"

"நீங்கதான் ஐயா. தானா நடந்து போனா அது வண்டி. அடுத்தவங்க இழுத்துப் போனாத்தானே தேர்?"

விமானம் கொஞ்சம் யோசித்தது. பிறகு மூக்கை நிமிர்த்தி, "மெதுவா இழுப்பா. எல்லாரும் பார்க்கட்டும்" என்றது.

மறுநாள் வண்டியைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. ஒவ்வொரு விமானமும் தன்னை முதலில் இழுக்கச் சொன்னது. சுத்தமான காற்றில் குஞ்சுகள் புல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. பழக்கதோஷத்தில் இன்ஜினைப் போட்டுவிட்ட ஒரு விமானத்தைப் பார்த்துப் பெரிய விமானம் உச்சுக்கொட்டியது.

"பாவம், இழுக்க ஆளில்லாத அநாதை போலிருக்கு."