மூடுவிழா

"டூஜியை இப்ப எவன் சார் உபயோகிக்கிறான்? இழுத்து மூடுங்க!"

ஆலோசகரின் பேச்சை நம்பி, தொலைபேசி நிறுவன முதலாளி அன்று காலையே அந்தச் சேவையை நிறுத்திவிட்டார். அலுவலக லிஃப்டில் அவரோடு இறங்கும்போது ஆலோசகருக்குக் கால் தரையில் பாவவில்லை.

லிஃப்ட் குலுங்கி நின்றது. விளக்கும் அணைந்தது.

"மூச்சு முட்டுதுய்யா! யாருக்காவது ஃபோன் போடுங்க!" என்று அலறினார் முதலாளி.

"உள்ள சிக்னலே இல்ல சார்!"

ஆலோசகர் அவசர உதவிப் பொத்தானை அழுத்தினார். பதில் இல்லை. வியர்த்து வழிய, மறுபடி மறுபடி அழுத்தினார். ம்ஹூம்.

செல்போன் வெளிச்சத்தில், பொத்தானுக்குக் கீழே ஒட்டியிருந்ததை முதலாளி மூச்சிரைக்க வாசித்தார்.

"இது நமது டூஜி சேவையில் இயங்குகிறது."

மெல்ல ஆலோசகர் பக்கம் திரும்பினார்.

"எவன் உபயோகிக்கிறான்னு கேட்டீங்கல்ல?"